விறகுக் கணப்படுப்பு: கண்ணாடி கறுக்கிறது, கதவைத் திறந்தால் புகை. எங்கே தப்பு?

#1 வெண்பனி
வணக்கம். நாங்கள் குடிவந்த வீட்டில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன கணப்படுப்பு ஒன்று இருக்கிறது. வார்ப்பிரும்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே கறுப்பு இரும்புக் குழாய் போய்ப் புகைபோக்கியில் சேர்கிறது. கதவுக்குக் கீழே ஒரு காற்றுத் திறப்பு, மேலே ஒன்று, குழாயில் திருகிமூடும் டேம்பர் ஒன்று. கையேடு இல்லை.

சூடு நன்றாக வருகிறது. ஆனால் கண்ணாடி ஒரே இரவில் கன்னங்கரேல் ஆகிவிடுகிறது. விறகு போடக் கதவைத் திறந்தால் அறைக்குள் புகை. குழாய் மூட்டிலிருந்து பழுப்பாக ஏதோ ஒழுகிக் காய்ந்திருக்கிறது, விரலில் பிசுபிசுக்கிறது. படுக்கப்போகும்போது எல்லாத் திறப்பையும் அடைத்துவிடுகிறோம், காலை வரை தணல் இருக்கும். இது சரிதானா? "எரியுது, சூடு வருது, அப்புறம் என்ன?" என்பது என் கணவர் கட்சி.

#2 கரிமணி
ஈர விறகு. வேற ஒண்ணுமில்ல.

#3 தணல்72
கரிமணி சொன்னது பாதி. மீதிப் பாதி அந்த "எல்லாத் திறப்பையும் அடைத்துவிடுகிறோம்" என்ற வரியில் இருக்கிறது.

கட்டை நேரடியாக எரிவதில்லை. சூட்டில் அதிலிருந்து வாயுக்கள் வெளியேறுகின்றன. நாம் பார்க்கும் சுவாலை அவை எரிவதுதான். விறகில் அடங்கிய வெப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுசாக எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் சுவாலை அணையும், ஆனால் கட்டை புகைந்துகொண்டேதான் இருக்கும். எரியாத வாயு மேலே போகிறது. குழாயின் உள்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதிலுள்ள நீராவியும் தாரும் அங்கேயே குளிர்ந்து படிகின்றன. அந்தப் படிவுக்குப் பெயர் கிரியோசோட். கண்ணாடியில் தெரிவதும் மூட்டில் ஒழுகுவதும் அதே சரக்குதான். கண்ணாடியில் இவ்வளவு என்றால் புகைபோக்கியில் எவ்வளவு என்று யோசியுங்கள்.

ஈர விறகு இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். பச்சைக் கட்டையின் எடையில் பாதி வரை தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் செலவாகும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் தரும். இந்தச் செலவு போக, எழும் ஆவி தீப்பெட்டகத்தையும் குளிரவைக்கிறது.

இன்னொன்று. மூட்டில் வெளியே ஒழுகுகிறது என்றால் குழாயைத் தலைகீழாகக் கோத்திருக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் சுருக்குப்போட்ட ஒடுங்கிய முனை கீழ்நோக்கி, அடுப்புப் பக்கமாக இருக்க வேண்டும். அப்போது ஒழுகுவது உள்ளேயே வழிந்து தீயில் விழுந்து எரிந்துபோகும். ஒடுங்கிய முனை மேல்நோக்கி இருந்தால் வெளியே சொட்டும். புகை மேலேதானே போகிறது என்று நினைத்துக் கோப்பவர்கள் அப்படித்தான் மாட்டுவார்கள்.

#4 வெண்பனி
நன்றி சார். விறகு விற்றவர் "நல்லா காஞ்சது" என்றுதான் சொன்னார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

#5 கரிமணி
விக்கிறவர் வேற என்ன சொல்வார்? 🙂

ஈரமானி ஒண்ணு வாங்குங்க. ரெண்டு ஊசி இருக்கும். வெளிப்பக்கம் குத்திப் பாத்தா எப்பவும் நல்ல நம்பர்தான் காட்டும், அதை நம்பாதீங்க. கட்டையைப் பிளந்து, புதுசா வெளியே வந்த உள்முகத்துல, நார் ஓட்டத்தோட சேர்த்துக் குத்துங்க. 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா எரிக்கலாம். 25-க்கு மேலன்னா திரும்ப அடுக்கி வைங்க.

மானி இல்லேன்னா ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க. காஞ்சது கணீர்னு கேக்கும், ஈரம் மொத்துன்னு கேக்கும். முனையில நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும், பட்டை தானா கழண்டு வரும், கையில எடுத்தா கனமிருக்காது. இதெல்லாம் அனுமானம்தான், மானிதான் சாட்சி.

அடுக்குறதுக்கும் முறை இருக்கு. பிளந்துட்டுத்தான் அடுக்கணும்; முழுக் கட்டை பட்டைக்குள்ள ஈரத்தை வச்சுக்கிட்டே இருக்கும். தரையில படாம மேடை போட்டு, மேல மட்டும் கூரை, பக்கமெல்லாம் காத்துக்குத் திறந்து விடணும். தார்ப்பாயைச் சுத்திக் கட்டுறது மகா தப்பு, உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மென்மரத்துக்கு ஒரு கோடை போதும். ஓக் மாதிரி வன்மரம்னா ரெண்டு கோடை கேக்கும்.

பைன் எரிச்சா தார் படியும்னு ஒரு பேச்சு இருக்கு. காஞ்ச பைன் ஒண்ணும் பண்ணாது, ஈரமான எதை எரிச்சாலும் படியும்.

#6 ஊதுகுழல்
எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துறீங்க. நான் பல வருஷமா ராத்திரி காத்தைக் குறைச்சு வச்சுத்தான் தூங்குறேன். காலையில தணல் இருக்கும், ரெண்டு சுள்ளி போட்டா பத்திக்கும். ஒண்ணும் ஆகல.

#7 புகைவழி
"ஒண்ணும் ஆகல" என்று புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். நான் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்பவன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

படிவு மூன்று நிலையில் இருக்கும். முதல் நிலை வெறும் கரித்தூள், தூரிகை போட்டால் பொலபொலவென்று உதிரும். இரண்டாவது, கறுப்பாகப் பளபளக்கும் செதில்கள். கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். மூன்றாவதுதான் வில்லங்கம். தார் இறுகி, சுவரோடு சுவராக வழவழவென்று ஒட்டியிருக்கும். தூரிகை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு துணுக்கு வராது. அதை இளக்கவென்று வேதிப்பொடிகள் உண்டு, சுழல் சங்கிலி போட்டு உடைப்பதும் உண்டு. இரண்டும் பழகியவர் கையில்தான். இரவில் அடைத்துவைத்து எரிக்கும் வீடுகளில் இந்த மூன்றாம் நிலையை அதிகம் பார்க்கிறேன்.

படிவு 3 மில்லிமீட்டர் தடிமன் ஆனதும் துடைத்துவிட வேண்டும். 6 மில்லிமீட்டர் என்றால் துடைக்கும்வரை அடுப்பே பற்றவைக்கக் கூடாது.

ஏனென்றால் அது எரிபொருள். ஒருநாள் தீ கொஞ்சம் ஓங்கி எரிந்தால் குழாய்க்குள் பற்றிக்கொள்ளும், வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டலாம். ரயில் கடக்கிற மாதிரி உறுமல் கேட்கும், குழாய் அதிரும், உச்சியிலிருந்து பொறி பறக்கும். இப்படிச் சத்தமில்லாமல் மெதுவாக எரிந்து அடங்குவதும் உண்டு. வீட்டுக்காரருக்கே தெரியாது; நான் துடைக்கப்போகும்போது களிமண் உள்குழாயில் விரிசலும், பொரிபொரியாக உப்பிய சாம்பல்நிறக் கரியும் இருக்கும். அடுத்த தடவை பற்றினால் அந்த விரிசல் வழியாகத்தான் தீ வீட்டின் மரச்சட்டத்துக்குப் போகும்.

பற்றிக்கொண்டால்: அடுப்புக் கதவையும் எல்லாக் காற்றுத் திறப்பையும் மூடுங்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். அந்தச் சூட்டில் திடீரென்று குளிர்ந்தால் உள்குழாய் வெடித்துப்போகும், ஆவி திரும்பி வந்து அடிக்கும். அணைந்தபின், ஒருவர் உள்ளே பார்த்துச் சரி என்று சொல்லும்வரை திரும்பப் பற்றவைக்காதீர்கள்.

#8 ஊதுகுழல்
சரி, ஒத்துக்கிறேன். அப்ப ராத்திரிக்கு என்ன பண்றது? விடிய விடிய முழிச்சு விறகு போடவா?

#9 தணல்72
நியாயமான கேள்விதான். "மூடாதே" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசி விறகைப் படுக்கப்போகும் நிமிடத்தில் போடாதீர்கள், கொஞ்சம் முன்னாலேயே போடுங்கள். பிளந்த, காய்ந்த, பெரிய வன்மரத் துண்டுகள். காற்றை நன்றாகத் திறந்துவிட்டு, எல்லாத் துண்டின் விளிம்பும் கறுத்துச் சுவாலை பிடிக்கும்வரை எரியவிடுங்கள், பெரும்பாலும் 20-30 நிமிடம் ஆகும். பிறகு காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். சுவாலை சோம்பலாக ஆடலாம், ஆனால் இருக்க வேண்டும். சுவாலை மறைந்து புகை மட்டும் சுருண்டால் குறைத்தது அதிகம். ஒரு பிடி திறந்துவிடுங்கள். காலையில் தீயே இல்லாவிட்டாலும் சாம்பலுக்கடியில் கங்கு கிடக்கும். அதை முன்னால் இழுத்துக் குவித்துச் சுள்ளி வையுங்கள்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி வாங்குங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயில், அடுப்புக்கு மேலே 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டினால் போதும். 120-க்கும் 245-க்கும் நடுவில் முள் நிற்பது நல்லது. கீழே போனால் தார், மேலே போனால் இரும்புக்குக் கேடு. இரட்டைச் சுவர்க் குழாயில் வெளியே ஒட்டுவது பொய் சொல்லும், உள்ளே நுழையும் ஊசி வகைதான் வேண்டும்.

அடைக்காதே என்றதும் சிலர் எதிர்க்கோடிக்குப் போய்ச் சாம்பல் கதவைத் திறந்துபோட்டுக் கொழுந்துவிட்டு எரிய வைப்பார்கள். அடுப்போ குழாயோ சிவக்க ஆரம்பித்தால் எல்லை தாண்டியாயிற்று. உள்ளே தீக்கு மேலே இருக்கும் மேல்தகடு வளையும், வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும். சிறிய தீ, சுறுசுறுப்பான தீ, அடிக்கடி கொஞ்சம் விறகு: இதுதான் அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் ஒத்துவருவது.

பற்றவைக்கும்போதும் மேலிருந்து கீழாகச் செய்து பாருங்கள். கனமான துண்டுகள் அடியில், அதன்மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளி. உச்சியில் நெருப்பு வையுங்கள். கீழிருந்து எழும் வாயு சுவாலை வழியாகப் போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது, ஆரம்பப் புகை வெகுவாகக் குறையும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கிட்டவே வரக் கூடாது.

#10 மார்கழி
இங்கே எல்லாரும் விறகையே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நிலக்கரி.

விறகுக்குக் காற்று மேலிருந்தும், நிலக்கரிக்குக் கீழிருந்தும் வர வேண்டும். அதனால் விறகடுப்பில் ஓர் அங்குலச் சாம்பலை விட்டுவைப்பது நல்லது, கங்கைக் காக்கும். நிலக்கரிக்கு அதற்கு நேரெதிர், கரி கிடக்கும் கம்பித் தட்டியில் சாம்பல் அடைத்தால் தீ செத்துப்போகும். அதன் கீழுள்ள சாம்பல் தட்டை நிரம்பவிட்டால் கீழிருந்து காற்று போகாமல் தட்டிக் கம்பிகள் சூட்டில் வளைந்துவிடும்.

விறகுக்கு மட்டும் என்று செய்த அடுப்பில் நிலக்கரி போடாதீர்கள். ஈர விறகையும் நிலக்கரியையும் சேர்த்து எரிக்கவும் வேண்டாம். நிலக்கரியின் கந்தகமும் விறகின் ஈரமும் சேர்ந்து அமிலமாகி உருக்குக் குழாயை அரித்துவிடும்.

புதுக் கரி போடும்போது சிவந்த தணலை முழுக்க மூடிவிடக் கூடாது. ஒரு மூலையில் தணல் தெரிய வேண்டும், அதன்மேல் நீலச் சுவாலை ஓட வேண்டும். முழுக்க மூடினால் எரியாத வாயு உள்ளே சேர்ந்து, திடீரென்று பற்றி "டப்" என்று கதவையே தள்ளும்.

#11 சுள்ளி
வெண்பனி அக்கா கேட்ட புகைக்கு யாருமே பதில் சொல்லல. எங்க வீட்லயும் அதே தொல்லை. அதோட ரெண்டு குழந்தைங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்க வைக்கணும்? தரைக்குப் பக்கத்துலன்னு ஒருத்தர் சொன்னார்.

#12 தணல்72
திறக்கும் முறையிலிருந்து தொடங்குவோம். முதலில் காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து சுவாலை எழ விடுங்கள். பிறகு கதவை ஒரு விரல்கடை மட்டும் திறந்து சிறிது நில்லுங்கள், இழுவை (புகைபோக்கி புகையை மேலே இழுப்பது) பிடித்ததும் மெதுவாகத் திறங்கள். சட்டென்று இழுத்தால் கதவே புகையை வெளியே உறிஞ்சிக்கொண்டு வரும். சுவாலை அடங்கித் தணலான பிறகு விறகு போடுவது இன்னும் நல்லது.

அப்படியும் புகை வந்தால் இழுவை போதவில்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். இறுக்கமாக அடைத்த வீட்டில் அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. ஜன்னலை ஒரு விரிசல் திறந்ததும் புகை நின்றால் காரணம் அதுதான். புகைபோக்கி வெளிச்சுவரில் சில்லிட்டுக் கிடந்தால் முதலில் ஒரு தாளைக் கொளுத்தி மேலே பிடித்து சூடேற்றுங்கள். உச்சியில் பறவைக்கூடு, வலையில் கரி அடைப்பு, உள்ளே மேல்தகட்டின்மேல் சாம்பல் குவியல், இவற்றையும் பார்க்க வேண்டும். உயரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது மேலே, 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 60 சென்டிமீட்டர் உயரமாக.

#13 புகைவழி
அலாரம் பற்றி நான் சொல்கிறேன். தரைப்பக்கம் என்பது எல்பிஜி கசிவுக்கு. அது காற்றைவிடக் கனமானது. கார்பன் மோனாக்சைடு காற்றைவிட ஒரு துளி லேசு, அதிலும் அடுப்பிலிருந்து வருவது சூடான காற்றோடு மேலே போகும். அதனால் அடுப்பு உள்ள அறையில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, மேற்கூரையிலோ கதவு ஜன்னல் உச்சிக்கு மேலே சுவரிலோ வையுங்கள். கூடவே வரும் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். படுக்கையறையில் மூச்சு மட்டத்தில் இன்னொன்று. ஐரோப்பியத் தரமான இஎன் 50291-இன்படி காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் 60-90 நிமிடத்தில் அலற வேண்டும், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள். உணரிக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பொத்தானை அமுக்கினால் சத்தம் வருவது பேட்டரிக்கும் மணிக்கும்தான் சாட்சி, உணரிக்கு அல்ல.

இந்த இழையிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பது இது. புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். சிவந்த தணல் புகையே விடாமல் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெண்பனி, உங்கள் குழாய் டேம்பரைத் தணல் இருக்கும்போது முழுக்க மூடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் அது ஜலதோஷம் அல்ல. உடனே வெளியேறி, மருத்துவ உதவி கேளுங்கள்.

இதே காரணத்தால்தான் கரித்தட்டையோ பார்பிக்யூ அடுப்பையோ மூடிய அறைக்குள் குளிர்காயக் கொண்டுவரக் கூடாது. அதற்குப் புகைபோக்கியே கிடையாது.

குழந்தைகளுக்கு: சுவரில் பொருத்தும் கம்பித் தடுப்பு. அடுப்பின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை. துணி காயவைப்பது, விறகுக்கூடை, நாற்காலி எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி.

#14 சும்மாஒருவன்
இதையெல்லாம் படிச்சதும் ரெண்டு கம்பளியே போதும்னு முடிவு பண்ணிட்டேன்.

#15 வெண்பனி
டேம்பரை அன்றே திறந்துவிட்டோம், அலாரமும் வந்துவிட்டது. கணவர் #13-ஐ இரண்டு தடவை படித்தார்.

துடைப்பவரும் வந்து போனார். அடுப்புக்குள் மேலே ஒரு தகடு இருப்பதே அவர் கழற்றியபிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதன்மேல் சாம்பலும் கரிச்செதிலும் உள்ளங்கை உயரத்துக்கு. புகை போவதற்கு ஒரு விரல் நுழையும் சந்து மட்டும்தான் மிச்சம். குழாய், தணல்72 சார் சொன்னபடியே தலைகீழாகத்தான் இருந்தது. திருப்பிக் கோத்து, ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகாணி போட்டார். புகைபோக்கியில் இரண்டாம் நிலைப் படிவு, ஒரே துடைப்பில் வந்துவிட்டது.

கடைசியாகக் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துக் காட்டினார். கீல் பக்கம் கிழிகிற அளவு இறுக்கம், கைப்பிடிப் பக்கம் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றை மாற்றச் சொன்னார். இதை நாமே செய்யலாமா? அப்புறம், சாம்பலை எங்கே கொட்டுவது?

#16 கரிமணி
சாம்பல்: மூடி போட்ட இரும்பு வாளி மட்டும். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், காகிதப்பை எதுவும் கூடாது. மேல தொட்டா சில்லுன்னு இருக்கும், உள்ள கங்கு மூணு நாலு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். வாளியை வீட்டுக்கு வெளியே, மரத்தளத்துல வைக்காம, சுவரை விட்டு 3 மீட்டர் தள்ளி கல்லு மேல வைங்க. சாதாரண வேக்குவம் கிளீனரால உறிஞ்சாதீங்க, பை பத்திக்கும். சுத்த விறகுச் சாம்பலைத் தோட்டத்துல கொஞ்சமா தூவலாம், காரத்தன்மை ஜாஸ்தி. நிலக்கரிச் சாம்பல் வேண்டாம்.

பெயின்ட் அடிச்ச மரம், பிளைவுட், மருந்து ஏத்தின பலகை இதெல்லாம் அடுப்புக்கே போகக் கூடாது. பழைய மருந்துப் பலகையில ஆர்சனிக் இருக்கும், புகையிலயும் வரும், சாம்பல்லயும் தங்கும். கடற்கரையில ஒதுங்கின கட்டையும் வேண்டாம், உப்பு இரும்பைத் தின்னுடும்.

#17 ஊதுகுழல்
வெப்பமானி ஒட்டிப் பார்த்தேன். நான் ராத்திரி குறைச்சு வைக்கும்போது 150-க்குக் கீழ போகல. கண்ணாடியும் பெருசா கறுக்கல. அப்ப நான் சொன்னது சரிதானே?

#18 புகைவழி
உங்கள் அடுப்புக்குச் சரி. புதுவகை அடுப்புகள் பலவற்றில் நெம்புகோலை முழுக்கத் தள்ளினாலும் காற்று முழுக்க அடையாது; சூடான காற்று மேலிருந்து கண்ணாடியைத் தழுவி இறங்கிக்கொண்டேயிருக்கும். நீங்கள் "அடைத்தேன்" என்பதும் வெண்பனி வீட்டுப் பழைய வார்ப்பிரும்பை அடைப்பதும் ஒன்றல்ல. அதற்காக வருடாந்தரத் துடைப்பை விட்டுவிடாதீர்கள். குளிர்காலம் தொடங்குமுன் ஒருமுறை, நிறைய எரித்தால் நடுவில் இன்னொருமுறை. நீங்களே துடைப்பதானால் உருக்கு உள்குழாய்க்குப் பிளாஸ்டிக் தூரிகை, செங்கல் அல்லது களிமண் குழாய்க்கு இரும்புக் கம்பித் தூரிகை. மாற்றிப் போட்டால் உருக்கில் கீறல் விழும், கீறலில் துரு ஏறும்.

வெண்பனி, கயிறு மாற்றுவது நீங்களே செய்யக்கூடியதுதான். அடுப்பு முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பழைய கயிற்றைப் பிடுங்குமுன் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடையில் தடிமன் கேட்பார்கள். நசுங்கிய துண்டின் அளவை நம்பாமல் பள்ளத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். மிகப் பழைய அடுப்பென்றால் கயிறு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆக இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டாமல் விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். கண்ணாடியிழைக் கயிறென்றால் கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு பள்ளத்திலுள்ள பழைய பசையைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகச் சுரண்டுங்கள். அடுப்புக்கென்று விற்கும் வெப்பம் தாங்கும் பசையைப் பள்ளம் முழுக்க மெல்லிய கோடாக விட்டு, கயிற்றை இழுக்காமல் படியவையுங்கள். இழுத்துப் பதித்தால் மெலிந்துபோய்ப் பிறகு சுருங்கி இடைவெளி விடும். இரண்டு முனையும் கீல் பக்கம் சந்திக்கட்டும். கதவை மூடித் தாழிட்டு, பசை டப்பாவில் சொன்ன நேரம் விட்டுவிடுங்கள். பிறகு அதே தாளை நான்கு பக்கமும் வைத்து இழுத்துப் பாருங்கள். முதல் தீ சின்னதாக, ஜன்னலைத் திறந்துவைத்து; பசை காயும் வாடை கொஞ்சம் வரும்.

#19 வெண்பனி
பள்ளம் 12 மில்லிமீட்டர் இருக்கிறது, பழைய கயிறு 8 என்று காட்டுகிறது. 12 வாங்கலாமா?

#20 புகைவழி
வாங்குங்கள். ஆனால் கதவு தாழிட மறுத்தால் வலிந்து அழுத்தாதீர்கள், கைப்பிடியின் கொக்கியில் சரிசெய்யும் திருகு இருக்கும், அதைத் தளர்த்துங்கள். திருகு இல்லாத மாடல் என்றால் 10-ஐப் போட்டுப் பாருங்கள்.